மேலாளர் கதவில் ஒரு பலகை

ஒரு காட்டில், ராஜாவெல்லாம் ஒழிந்து அலுவலகம் வந்துவிட்ட காலத்தில், பூரணி என்றொரு மைனா தற்காலிக மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். ஜப்பானிய மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று சாயங்காலம் ஜப்பானிலிருந்து பன்னிரண்டு கொக்குகள் சுற்றுலா வரவிருந்தார்கள். அதற்குள் அறிவிப்புப் பலகைகள் தயாரானால் அவள் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கூட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கடைசிப் பலகைக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் வந்தது: சார்ஜ்.

பூரணி அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். கட்டணமும் சார்ஜ், செல்போனுக்குப் போடுவதும் சார்ஜ், பொறுப்பேற்பதும் சார்ஜ், பாய்ந்து முட்டுவதும் சார்ஜ். ஜப்பானிய மொழியிலோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல். மேலாளர் வீரபாகுவிடம் ஓடினாள். அவர் காட்டெருமை.

“ஐயா, இந்தப் பலகையை எங்க மாட்டப் போறீங்க?”

“அது மாட்டுற பிரிவோட வேலை. உனக்கெதுக்கு?”

மாட்டுகிற பிரிவில் மரங்கொத்தி ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

“மொழிபெயர்ப்பு வரட்டும்மா. பொருளைப் பார்த்து, எங்க பொருந்துதோ அங்க அடிச்சிடுவேன். இங்க வழக்கம் அதுதான்.”

மறுபடி மேலாளர், மறுபடி மரங்கொத்தி. மூன்றாம் முறை போனபோது வீரபாகு தலையைக் குனிந்து, புஸ்ஸென்று மூச்சுவிட்டு, ஒரே பாய்ச்சலாக முட்ட வந்தார். பூரணி உத்தரத்தில் ஏறித் தப்பினாள். பயம் போய்க் கோபம் வந்தது. எந்தப் பொருள் என்பதுதான் இப்போது கண்கூடாகத் தெரிந்துவிட்டதே! ஜப்பானிய மொழியில் ‘பாய்ந்து தாக்கவும்’ என்று எழுதி, ஓரத்தில் தமிழிலும் பொருள் குறித்துக் கொடுத்தாள்.

மரங்கொத்தி படித்துப் பார்த்தது. இந்தக் காட்டில் பாய்கிறவர் ஒருவர்தானே? மேலாளர் கதவில் நாலு ஆணி அடித்துவிட்டுப் போனது.

சாயங்காலம் கொக்குகள் வந்தார்கள். பலகையில் எழுதியிருந்தால் மறுபேச்சில்லாமல் செய்கிற விருந்தாளிகள். வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், குனிந்து வணங்கி, வீரபாகுவை நறுக்கென்று கொத்தி, மறுபடி வணங்கிவிட்டு வெளியே வந்தார்கள்.

ஏழாவது கொத்து விழுந்ததும் வீரபாகு ஓடையைத் தாண்டி அக்கரையில் நின்றார்.

“அடியேய் பூரணி! அது செல்போன் சார்ஜ் போடுற இடத்துல மாட்ட வேண்டிய பலகை!”

“இதைத்தானே ஐயா காலையிலேருந்து கேட்டேன்!”

கொக்குகள் வருகைப் பதிவேட்டில் எழுதினார்கள்: ‘நாங்கள் பார்த்த காடுகளில் அறிவிப்புகள் இத்தனை தெளிவாக இருந்தது இங்கேதான்.’ அதைப் படித்துப் பூரிப்படைந்த தலைமை அலுவலகம் பூரணியை நிரந்தரமாக்கியது. வீரபாகு இன்னும் அக்கரையில்தான் இருக்கிறார். இக்கரையில் வரிசை கலையவில்லை. ஐந்து கொக்குகள் பாக்கி.

நீதி: சந்தேகம் கேட்டு மேலதிகாரியைத் தொந்தரவு செய்யாதீர்கள். தப்பாகச் செய்துவிட்டால் பதிலை அவரே கத்திச் சொல்வார்.