சிவப்பு பிஸ்கட் எது?

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு என் மச்சானின் வாயை அடைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். சண்டை போட்டு அல்ல. பிஸ்கட் செய்து.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. வாரம் தவறாமல் வருவான். "அத்தானுக்கு வெந்நீர் வைக்கவாவது தெரியுமாக்கா?" என்று என் எதிரிலேயே கேட்பான். அன்றைக்கு மகளின் தோழிகளும் வருவதாக இருந்தது. "எங்கப்பாவே கலர் கலரா பிஸ்கட் செய்யப் போறாரு, உள்ள பூரணமெல்லாம் இருக்கும்" என்று அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

திட்டம் எளிது. பச்சை, மஞ்சள், நீல மாவுக்குள் சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் பிடித்த ஸ்ட்ராபெரி ஜாம். சிவப்பு மாவில் ஒன்றே ஒன்று. அதற்குள், காலையிலேயே அரைத்துக் கிண்ணத்தோடு சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்த மிளகாய் விழுது. அந்த ஒன்று மச்சானுக்கு.

எல்லாம் சரியாகத்தான் போனது. சீக்கிரம் வேகட்டும் என்று ஓவன் குமிழைக் கடைசிவரை திருகியதைத் தவிர.

கதவைத் திறந்தேன். நீலம் பழுப்பு. மஞ்சள் பழுப்பு. பச்சை பழுப்பு. சிவப்பு... எது சிவப்பு? எல்லாமே ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகள் மாதிரி இருந்தன.

தட்டைத் திருப்பிப் பார்த்தேன். தலையைத் திருப்பிப் பார்த்தேன். மூலையில் வைத்தேனா, நடுவிலா? ஏதாவது ஒரு குழந்தை அதைக் கடித்துவிட்டால்?

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கலர் கலரான்னு சொன்னீங்க?"

"கலர்... உள்ள போயிடுச்சு."

"ஏன் ஒவ்வொண்ணா மோந்து பார்க்கறீங்க?"

"வாசனை வந்திருக்கான்னு."

"கருகின வாசனை தெருவுக்கே வருது. கொடுங்க, நான் தின்னு பார்க்கறேன்."

"வேணாம்! தொடாதே!"

ஒன்றை உடைத்தேன். உள்ளே சிவப்பு. ஜாமும் சிவப்பு, மிளகாயும் சிவப்பு! நக்கினேன். ஜாம். நக்கியதை யாருக்கு வைப்பது? விழுங்கினேன். அடுத்தது. ஜாம். அதற்கடுத்தது, கண்ணை மூடிக்கொண்டு... ஜாம்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்."

"அப்புறம் ஏன் கஷாயம் குடிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க?"

இனிக்க இனிக்க எனக்குப் பயம் ஏறியது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. இதுதான். சந்தேகமே இல்லை. தண்ணீர்ச் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடித்தேன்.

ஜாம்.

"அப்ப மிளகாய் எங்கே?" வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"எது, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால இருந்துச்சே, அதுவா? நீங்க மாவு பிசையறப்பவே கிண்ணத்தைக் கழுவி ஜாம் போட்டு வச்சிட்டேனே."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க மட்டும் என்கிட்ட சொன்னீங்களா?"

வாசல் மணி அடித்தது. குழந்தைகள்! காலித் தட்டோடு நான். மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

கூட்டத்துக்குப் பின்னாலேயே மச்சான் நுழைந்தான். கையில் பெரிய டப்பா. திறந்தான். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். எல்லாம் வைத்த நிறம் மாறாமல். கடித்த குழந்தைகளின் உதட்டோரம் சாக்லெட் வழிந்தது.

"அக்காதான் எதுக்கும் இருக்கட்டும், நீயும் செஞ்சு எடுத்துட்டு வான்னு நேத்தே சொல்லிச்சு."

"எங்க மாமா செஞ்சது!" என்று என் மகள் குதித்தாள்.

மச்சான் டப்பாவை என் பக்கம் நீட்டினான். "அத்தான், நீங்களும் ஒண்ணு எடுத்துக்கோங்க."

"அவருக்கு வேணாம்டா" என்றாள் மனைவி. "பசங்களுக்குன்னு செஞ்சதை உன் அத்தான் ஒருத்தரே நின்னுக்கிட்டே தின்னு முடிச்சிட்டாரு."