லிஃப்டு அக்காவின் பதற்றம் குறைக்கப்பட்ட வரலாறு

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த பெரிய சாதனை எதுவென்று கேட்டால், எங்கள் அலுவலக விளையாட்டுக் குழு நடத்திய 'பதற்றக் குறைப்புத் திட்டம்' என்பேன். குழுவின் செயலாளர் நான்தான் என்பதற்காகச் சொல்லவில்லை. உண்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து கோப்புகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர் ஒரு தற்காலிக ஊழியர். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவார். நான் மணியை அடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் நான்காம் மாடிக் கோப்பு என் மேஜையில் இருக்கும். அலுவலகம் முழுக்க அவருக்கு 'லிஃப்டு அக்கா' என்றுதான் பெயர்.

இந்த ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. அலுவலகங்களுக்கிடையிலான நானூறு மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெறும் தற்காலிக ஊழியர் நிரந்தரமாக்கப்படுவார். மற்ற தற்காலிக ஊழியர்களின் பணி அந்த மாத இறுதியோடு 'இனிதே நிறைவுபெறும்'.

"ஆறு வருஷமா தற்காலிகம் சார். இந்த ஒரு ஓட்டம் ஓடிட்டா போதும்" என்றார் லிஃப்டு அக்கா.

"பயமா இருக்காம்மா?"

"எதுக்கு சார்? ஓடத்தானே போறேன்?"

இந்தப் பதிலில் இருந்த ஆபத்து எனக்குப் புரியவில்லை. புரிந்துகொண்டவர் எங்கள் மேலாளரின் மைத்துனர். அவர் 'விளையாட்டு மனவியல் நிபுணர்'. எண்பது கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்து எங்கள் எல்லோருடைய ஆளுமையையும் அளந்தார். எனக்கு 'பிறவித் தலைவர்' என்று வந்தது. இருபத்தெட்டு வருட சர்வீஸில் ஒருத்தரும் கண்டுபிடிக்காததை ஒரே பிற்பகலில் கண்டுபிடித்தவர் சாதாரண ஆளா? மேலாளருக்கும் 'பிறவித் தலைவர்' என்றுதான் வந்ததாம். ஏதோ கூட்டல் பிழையாக இருக்கும்.

லிஃப்டு அக்காவின் படிவம் மட்டும் வெறுமையாகத் திரும்பி வந்தது.

"என்னம்மா, ஒண்ணுமே எழுதலையே?"

"தோல்வியை நினைச்சு தூக்கம் கெடுதான்னு கேட்டிருக்கு. நான் படுத்ததும் தூங்கிடறேன் சார். அதை எந்தக் கட்டத்துல போடறது?"

நிபுணரின் முகம் இருண்டது. என்னைத் தனியே அழைத்தார்.

"பயமே இல்லைன்னா என்ன அர்த்தம் தெரியுமா? அவ்வளவு ஆழத்துல போய் ஒளிஞ்சிருக்கு."

"ஐயையோ! எடுத்துடலாமா சார்?"

"முதல்ல வெளியே வரவழைக்கணும். அப்புறம்தான் குறைக்கணும்."

அடடா, என்ன தெளிவு!

மறுநாளே லிஃப்டு அக்கா படி ஏறவும் ஓடவும் தடை விதிக்கப்பட்டது. உடம்பு ஓடினால் மனம் சிதறுமாம். பிறவித் தலைவர் என்ற முறையில் ஆணையில் நான்தான் கையெழுத்திட்டேன். மூன்று வாரம் அவர் கூட்ட அறை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு 'ஓடினார்'. நிபுணர் பக்கத்தில் அமர்ந்து மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டேயிருப்பார்.

"தோத்துட்டா என்ன ஆகும்? வேலை போயிடும். அப்புறம்? வீட்டு வாடகை? அப்புறம்?"

முதல் வாரம், "வேற வேலை பார்க்க வேண்டியதுதான்" என்றார். இரண்டாம் வாரம் விரல்விட்டு வாடகைக் கணக்குப் போட்டார். மூன்றாம் வாரம் தூக்கம் போனது.

"வந்துடுச்சு!" என்று நிபுணர் துள்ளியெழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இனி அதைக் குறைப்பது மட்டும்தான் பாக்கி. அதற்கும் வழி வைத்திருந்தார். விசில் ஊதியதும் கண்ணை மூடி, மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, பிறகு ஓட வேண்டும்.

"சார், அதுக்குள்ள மத்தவங்க போயிட மாட்டாங்களா?" என்று லிஃப்டு அக்கா என்னிடம் கேட்டார்.

"அவங்க பதற்றத்தோட போவாங்கம்மா. நீங்க நிதானமா போவீங்க" என்றேன். அப்படியொரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில் எனக்கே பெருமையாக இருந்தது.

போட்டி நாள். விசில் ஊதியது. ஏழு பேர் பாய்ந்தார்கள். எங்கள் வீராங்கனை கண்ணை மூடி நின்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த அவருடைய கூடப்பிறந்த அக்கா பெஞ்சு மேலேறிக் கத்தினார்.

"அடியேய், நின்னுக்கிட்டே தூங்குறியா? ஓடுடீ!"

"உஷ்! ரெண்டாவது மூச்சு போயிட்டிருக்கு" என்று நிபுணர் அதட்டினார்.

மூன்றாவது மூச்சும் முடிந்து, கண்ணைத் திறந்து ஓடினார் பாருங்கள்! அதை ஓட்டம் என்று சொல்வது குறைவு. ஆறு பேரைத் தாண்டினார். ஏழாமவர் ஒரு சாண் முன்னால் முடிவுக் கோட்டைத் தொட்டுவிட்டார்.

"இன்னும் ரெண்டு மீட்டர் இருந்திருந்தா பிடிச்சிருப்பேன் சார்" என்று தரையில் உட்கார்ந்து அழுதார்.

நிபுணருக்கு அதைக் கேட்க நேரமில்லை. "ஆரம்பக் கோட்டுல நின்னப்போ பதற்றம் தொண்ணூறு சதவீதம் குறைஞ்சிருந்தது!" என்று மேலாளரிடம் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே பாராட்டுக் கூட்டம். நிபுணருக்கு ஒரு கேடயம், எனக்கு ஒரு கேடயம்.

மாதக் கடைசி நாள் லிஃப்டு அக்கா சொல்லிவிட்டுப் போக வந்தார். விதிப்படி இறுதிப் படிவத்தை நீட்டினேன். எழுபத்தொன்பது கேள்விகளை வெறுமையாக விட்டு, கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிக் கொடுத்தார். 'உங்கள் பதற்றத்துக்குக் காரணம் என்ன?' என்பது கேள்வி.

'நீங்கதான் சார்' என்று எழுதியிருந்தார்.

திட்டத்தின் இறுதி ஆவணம் அது. நான்காம் மாடிப் பதிவறைக்குப் போக வேண்டும். மணி அடித்தேன். யாரும் வரவில்லை. இரண்டு மாதமாக என் மேஜையிலேயே கிடக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் கண்ணை மூடி, மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துவிடுகிறேன். கண்ணைத் திறந்தால் அங்கேயேதான் இருக்கிறது.