செட்டைக்குப் போட்ட நாலு அங்குலப் போல்ட்

என் கையால் இறுக்கிய எதுவும் இன்றுவரை கழன்றதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து, வெள்ளவத்தையில் தனி ஆளாக ஒரு ஹாட்வெயார் கடையை எழுப்பியவன் நான். காலி வீதியில் எத்தனை மாடிவீட்டுக் கதவுகள் என் பிணைச்சலில் தொங்குகின்றன என்று கேட்டுப் பாருங்கள். (கேட்காவிட்டாலும் சொல்வேன்.) இந்தத் திறமைதான் என் மகளின் கல்யாணத்தைக் கடலில் தள்ளப் பார்த்தது.

மகள் மதுரா தன் மாப்பிள்ளையைத் தானே தேடிக்கொண்டாள். பெயர் நிரோஷன், மெல்பேர்னில் பிறந்து வளர்ந்த எஞ்சினியர். தாயோடு வந்து ஹெவ்லொக் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். தாய் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஞாயிறு காலை கல்கிசைக் கடற்கரையில் இரண்டு குடும்பமும் சந்திப்பது, பெடியன் அலையில் சறுக்கிக் காட்டுவது, பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடும் சம்பந்தப் பேச்சும். இதுதான் ஏற்பாடு.

"அப்பா, அவரின்ர அம்மா இன்னும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறா. நீங்கள் வாயை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கொள்ளுங்கோ" என்றாள் மகள்.

வாயைத்தான் குறைக்கச் சொன்னாள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நிரோஷன் கடை வாசலில் வந்து நின்றார், கதவை விட உயரமான ஒரு சர்ஃபிங் பலகையோடு.

"அங்கிள், இந்தச் செட்டையைப் பூட்டுற ஸ்க்ரூவும் தகடும் எங்கேயோ விழுந்திட்டுது. உங்களிட்ட இருக்குமோ?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வருங்கால மருமகன் என் கடைக்கு வந்திருக்கிறார், அதுவும் ஸ்க்ரூ கேட்டு! லட்டு கேட்டு வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு இனித்திருக்காது.

பாவம், பொறுமையாக விளங்கப்படுத்தினார். பலகையின் அடியில் ஒரு நீளப் பள்ளம். அதற்குள் நகத்தளவு சதுரத் தகடு ஒன்று ஓடும். மீன் செட்டை மாதிரியான அந்தத் துண்டைப் பள்ளத்தில் வைத்து, சின்ன ஸ்க்ரூ ஒன்றால் தகட்டோடு இறுக்க வேண்டும். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் செட்டையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். முன்னுக்கு வைத்தால் பலகை லேசாகத் திரும்பும்; பின்னுக்கு வைத்தால் நேராக ஓடும்.

"உப்புத்தண்ணி அங்கிள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லம். நீளம் கூடினால் அடியில முட்டும். கட்டையாப் பாருங்கோ."

"தம்பி, உமக்குப் பல்லு முளைக்க முதலே நான் உப்புக்காத்துக்கு ஸ்க்ரூ வித்தவன். பலகையை வச்சிட்டுப் போம். நாளைக்குக் கடற்கரைக்கு நானே கொண்டு வாறன்."

அவர் போனதும் ஸ்க்ரூ வைக்கும் எல்லா லாச்சிகளையும் இழுத்து வைத்தேன். இரும்பு? ஒரு கிழமையில் துரு. துத்தநாகம் பூசியது? பூச்சு போனால் அதுவும் இரும்புதான். பித்தளை? மெதுமை, தலை தேயும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலேதான்! அதுவரைக்கும் ராஜா மாதிரித்தான் தெரிவு செய்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் பெடியன் சொன்ன அளவு ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மூக்குத்தித் திருகாணி மாதிரி இருந்தது. மருமகனின் உயிரை இதிலா தொங்கவிடுவது? அதோடு, செட்டை முன்னும் பின்னும் நகர வேண்டுமாம்! என் கடையில் வாங்கிப் பூட்டிய சாமான் நகர்ந்தால், பழுதென்று அது கடைக்கே திரும்பி வந்துவிடும்.

நாலு அங்குலப் போல்ட் ஒன்றை எடுத்தேன். செட்டையைப் பள்ளத்தின் பின்கோடியில் வைத்து, ட்ரில் மெஷினால் அடியிலிருந்து பலகையின் மேற்புறம் வரை ஒரே துளை. உள்ளேயிருந்து தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளைத் தூள் கொட்டியது. மரம் என்றல்லவா நினைத்தேன்? பரவாயில்லை, மெதுவான இடத்துக்குப் பெரிய வோசர். அதன் மேல் ஸ்பிரிங் வோசர், நட், அந்த நட்டுக்குக் காவலாகப் பளபளக்கும் குமிழ் நட். பள்ளம் முழுக்கப் பசை. கடைசியாக ஸ்பானரில் முழுப் பலத்தையும் போட்டபோது "டக்" என்று ஒரு சத்தம். பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். (பலகை வெடித்த சத்தம் அது.)

ஞாயிறு காலை கல்கிசை மணலில் எல்லோர் முன்னாலும் பலகையை மூடியிருந்த துணியை விலக்கினேன். பக்கத்தில் வெள்ளைக்காரருக்குச் சறுக்கப் பழக்கும் சிங்களப் பெடியன் ஒருவன் ஓடிவந்து, குமிழ் நட்டைத் தொட்டுப் பார்த்து, "மேக்க மொகத மாத்தயா?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்!" என்றேன்.

நிரோஷன் தொண்டையைச் செருமினார். "அங்கிள்... செட்டையைக் கொஞ்சம் முன்னுக்கு எடுக்கலாமோ?"

"எடுக்கவே ஏலாது!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

மதுரா தலையில் கை வைத்தாள். பிளாஸ்டிக் கதிரையில் இருந்த தாய் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "நிரோ, பெரியவர் பாடுபட்டுச் செய்திருக்கிறார். ஏறித்தான் பாரன்" என்றார். குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

நிரோஷன் பலகையோடு கடலுக்குள் போனார். ஒரு நல்ல அலை வந்தது. எழுந்து நின்றும்விட்டார்! நான் துள்ளிக் குதித்துக் கைதட்டினேன். இடப்பக்கம் சாய்ந்தார், பலகை திரும்பவில்லை. வலப்பக்கம் சாய்ந்தார், திரும்பவில்லை. தண்டவாளத்தில் வரும் ரயில் மாதிரி நேரே எங்களை நோக்கி வந்தது. "விலகுங்கோ!" என்று கத்தினார். நான் பெருமையில் உறைந்து நின்றேன்.

கரையோரம் செட்டை மணலில் குத்தியது. வேறு யாரும் பூட்டியிருந்தால் செட்டை கழன்று பறந்திருக்கும். என் போல்ட் அசையவில்லை. பலகைதான் இரண்டாகப் பிளந்தது. நிரோஷன் காற்றில் பறந்துவந்து, இரண்டு கையும் நீட்டியபடி, குப்புற என் காலடியில் விழுந்தார்.

ஒருவர் காலில் விழுந்தால் பெரிய மனிதனுக்குக் கை தானாக எழும்புமல்லவா? எனக்கும் எழும்பியது. அவர் தலையில் கை வைத்து, "நல்லா இரும் தம்பி" என்றேன்.

தாய் கதிரையை விட்டு எழுந்தார். சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன். மதுராவின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. தாய் வந்து மகனைக் குனிந்து பார்த்தார்.

"அடிபட்டுதோடா?"

"இல்லை அம்மா" என்றார், மண்ணைத் துப்பியபடி.

"பெரியாக்களைக் கண்டால் காலில விழு எண்டு எத்தனை தரம் சொல்லியிருப்பன்? ஒருநாளும் விழேல்ல." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் இரண்டும் குலுங்கின. "அண்ணை, ஆசீர்வாதமே முடிஞ்சுது. இனி என்னத்தைக் கதைக்கிறது? கல்யாணத்துக்கு நல்ல நாளைப் பாருங்கோ."

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. சித்திரை வருடப்பிறப்பன்று காலில் விழுந்து கும்பிட மருமகன் எங்கள் ஹோலுக்குள் வந்தால், மனைவி என் சட்டையைப் பிடித்து இரண்டடி பின்னுக்கு இழுக்கிறாள். பேத்தி கதிரையில் ஏறி நின்று கத்துகிறாள்:

"தள்ளுங்கோ, தள்ளுங்கோ! அப்பா நேராத்தான் வருவார், அவருக்குத் திரும்ப ஏலாது!"