ஒரு துண்டு கணக்கில் சேராது

ஒண்ணேஒண்ணுக்காரர் என்றோர் இனம் நம்மிடையே வாழ்கிறது. பறவைகளையும் பாம்புகளையும் வகை பிரித்து எழுதிய அறிஞர்கள் எக்காரணத்தாலோ இவ்வினத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். சொந்தக்காரர்களைப் பற்றி எழுதத் தயங்கியிருக்கலாம். அடையாளம் காண்பது கடினமன்று. சர்க்கரை நோயாளியின் வீட்டுக்கு மைசூர்பாகுடன் போய், மருந்துப் பெட்டியைச் சற்றே தள்ளிவைத்து, அதே இடத்தில் தட்டை வைத்து, "ஒண்ணே ஒண்ணு" என்பவர் இவ்வினத்தவர். விரதம் இருப்பவரின் கையில் வடையைத் திணித்து, "இது பலகாரம், சோத்துல சேராது" என்று தீர்ப்பு வழங்குபவரும் இவ்வினத்தவரே. ஆயினும் இவர்களுடைய முழுத் திறமையையும் காண விரும்பும் வாசகர், வயிறு சரியில்லாத ஒரு நாய்க்குட்டியின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நாய்க்குட்டி மறுப்பதில்லை. வாலாட்டி நன்றி சொல்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, காட்டிக்கொடுப்பதில்லை.

காட்டிக்கொடுப்பதில்லை என்றுதான் சௌந்திரத்தின் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

திருச்செங்கோட்டுக்குச் சற்று வெளியே இருக்கும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது சிப்பிப்பாறைக் குட்டி. முயல் வேட்டைக்குப் பெயர்போன இனம்: நீண்ட கால், ஒட்டிய வயிறு, அசைவது எதுவானாலும் துரத்தச் சொல்லும் கண். சௌந்திரத்தின் கணவர் மாதேஸ்வரன் போர்வெல் ரிக் வண்டிகளின் முதலாளி. குட்டியின் வயிற்றுக்குள் எழுந்த ஓசையை முதல் நாளே காதுகொடுத்துக் கேட்டவர், தம் தொழில் அனுபவத்தைக் கொண்டு அதற்குக் 'கம்ப்ரசர்' என்று பெயர் வைத்தார். கம்ப்ரசரின் வேட்டை உணர்ச்சி அபாரமானது. காற்றில் பறந்த பாலிதீன் பையை அது துரத்தியது. மின்விசிறியின் நிழலைத் துரத்தியது. கல்லூரிக்குப் புறப்பட்ட மகள் கிருத்திகாவின் துப்பட்டாவைக் கேட் வரை துரத்திச் சென்று வீழ்த்தியது. உயிருள்ள ஒன்றைப் பிடித்ததாக மட்டும் வரலாறு இல்லை. வேலியோரத்து ஓணான் ஒருமுறை தலையை ஆட்டியதற்கே நாற்காலிக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

வேட்டைக்காரனின் வயிறோ பட்டுத் துணி. பால் ஒத்துக்கொள்ளவில்லை. கோழி ஒத்துக்கொள்ளவில்லை. முட்டை அறவே ஒத்துக்கொள்ளவில்லை. எங்கே பிறந்து எங்கே வந்து சேர்ந்தது பாருங்கள்! எந்தத் திசையில் கல்லை விட்டெறிந்தாலும் ஒரு கோழிப்பண்ணையின் கூரையில் விழுகிற நாமக்கல் மாவட்டத்தில், முட்டை ஒத்துக்கொள்ளாத ஒரு ஜீவன் எப்படிக் காலந்தள்ளும்?

சௌந்திரம் தளரவில்லை. கால்நடை மருத்துவர் ஹெலன், ஒரு சமயத்தில் ஒரே உணவு, அது ஒத்துக்கொண்ட பிறகே அடுத்தது, கொழுப்பு என்ற பேச்சே கூடாது என்று சொன்னதை வேதவாக்காகக் கொண்டு, குழைய வேகவைத்த சோறு, பூசணிக்காய், கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறி என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டார். ஆதாரமில்லாமல் அவர் எதையும் பேசுவதில்லை. கல்யாண வீடொன்றில் மணமக்கள் படத்தைக் காட்டச் சொல்லிப் போனை வாங்கிய உறவினர், விரலை ஒருமுறை கூடுதலாகத் தள்ளிவிட்டுப் பாதிப் பந்தியில் எழுந்து போனார். போகட்டும். ஆராய்ச்சி என்றால் சில இழப்புகள் இருக்கும்.

ஆராய்ச்சி பலித்தது. பலித்துச் சில நாள் ஆனதும் கெட்டது. மறுபடி பலித்தது, மறுபடி கெட்டது. அளவு மாறவில்லை, அரிசி மாறவில்லை, தண்ணீர் கொதிக்கவைத்த தண்ணீர். பிறகு எப்படி?

இங்கேதான் பக்கத்து வீட்டுச் சின்னுசாமி உள்ளே வருகிறார். நம் இனத்தின் பூரண வடிவம் அவர். முட்டைக்கோழிப் பண்ணைக்குச் சொந்தக்காரர், நல்ல மனிதர், ஓர் உயிர் தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கை சும்மா இருப்பதைப் பொறுக்கமாட்டாதவர். பண்ணையில் ஓடு கீறிய முட்டைகளை விற்க முடியாது. ஆகவே அவித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஊரில் எதிர்ப்படும் வாய்களுக்கெல்லாம் வழங்குவது அவர் வழக்கம். முட்டை கூடாது என்று சௌந்திரம் அவரிடம் கைகூப்பிச் சொல்லியிருந்தார். அவரும் கூடாது என்றே ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய அகராதியில் முட்டை என்பது உணவுப் பகுதியில் இல்லை.

"முட்டைங்கறது என்னுங்க அம்மிணி? ஓடு போட்ட தண்ணி," என்பார்.

இவ்வினத்தின் இரண்டாவது அடையாளம், ஊட்டியவரே முதல் ஆளாக நலம் விசாரிக்க வருவது. கம்ப்ரசர் சுருண்டு படுத்த செய்தி தெருவை எட்டுமுன் சின்னுசாமி வாசலில் நிற்பார்.

"என்ன அம்மிணி, குட்டிக்கு மறுபடியும் வவுறு போவுதாமா?"

"ஆமாங்ணா. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடியாடிட்டிருந்துச்சு."

"என்னத்தக் குடுத்தீங்க?"

"சோறும் பூசணிக்காயுந்தானுங்ணா."

"அட, அதான்! பூசணிக்கா குளுர்ச்சி. நாய்க்குப் போயி யாராச்சும் பூசணிக்கா போடுவாங்களா? பாவம், என்ற சாமி எப்படி வாடிப்போயிக் கெடக்குது பாருங்க!"

அவர் கண்ணில் நிஜமாகவே நீர் நிற்கும். நடிப்பென்று எண்ணிவிடாதீர்கள். தாம் கொடுத்தது அவருக்கு நினைவில் இருக்காது. ஒன்றே ஒன்றை எவர் நினைவில் வைத்துக்கொள்வார்?

மூன்றாவது அடையாளம், பழியைப் போட ஓர் இடத்தைத் தயாராக வைத்திருப்பது. கம்ப்ரசர் விஷயத்தில் அந்த இடத்தை இயற்கையே அமைத்துக் கொடுத்திருந்தது.

"அது வேட்டை ரத்தம் புள்ள," என்றார் மாதேஸ்வரன். "தோட்டத்துல எலிய கிலியப் புடிச்சுத் தின்னிருக்கும். நீ சோத்த அளந்து அளந்து போட்டு என்ன பண்றது?"

"ஆமாம்மா, எலியாத்தான் இருக்கும்," என்றாள் கிருத்திகா.

"எலியேதான். நானே பாத்தனுங்க," என்றார் சின்னுசாமி.

காப்பியில் சர்க்கரை போதுமா என்பதில்கூட ஒத்துப்போகாத வீடு அது. அங்கே ஒரு கருத்தில் எல்லோரும் இத்தனை விரைவாக ஒன்றுபட்டதைக் கண்டு சௌந்திரம் அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அவர் எலியைத் தேடினார். மண்வெட்டி கொண்டு வளைகளை மூடினார். விறகடுக்கைப் பிரித்து மறுபடி அடுக்கினார். எலி கிடைக்கவில்லை. மறுநாள் கம்ப்ரசர், புதிதாகப் பாலிஷ் போட்ட கூடத்துத் தரையை இரண்டாம் முறையாக நாசம் செய்தது.

மாதேஸ்வரன் தீர்ப்பெழுதினார்.

"இனி ஒருக்கா இப்பிடி ஆச்சுதுன்னா ஞாயித்துக்கெழம நாமகிரிப்பேட்டைக்கு ஏத்தி உட்ரலாம். உன்ற தம்பி காட்டுல எலி புடிச்சுட்டுக் கெடக்கட்டும்."

"அங்க கோழிக்கடைக் கழிவுதானுங்க போடுவாங்க. இந்த வவுறு தாங்காதுங்க."

"அதுக்குன்னு என்ற ஊட்டயே கக்கூஸாக்கோணுமா?"

தம்பி கெட்டவரல்லர். ஆனால் அவருடைய மரவள்ளிக் காட்டில் நாய் என்பது மிச்சத்தைத் தின்று வாழும் காவல்காரன். பூசணிக்காய் வேகவைத்துக் கொடுக்க அங்கே ஆளில்லை. கம்ப்ரசர் அங்கே போவதும் போய்ச் சேர்வதும் ஒன்றுதான் என்பது சௌந்திரத்துக்குத் தெரிந்திருந்தது. மருந்துக் கடை ரசீதுகளையும் படங்களையும் எடுத்துவைத்து வாதாடினார். எந்தக் குடும்பம் ரசீதைப் பார்த்து மனம் மாறியது? வெள்ளிக்கிழமை கம்ப்ரசருக்கு மறுபடியும் வயிறு போயிற்று. சனிக்கிழமை மாலையே பிக்கப் வண்டியின் பின்புறத்தில் ஒரு கோணிச் சாக்கு விரிக்கப்பட்டது.

அந்தச் சாக்கைப் பார்த்த கண்ணோடு சௌந்திரம் தோட்டத்துக்குப் போனார். கம்ப்ரசர் கொய்யா மரத்தடியில் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அசையாமல் நின்று, ஒரு கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிளையில் ஒன்றுமில்லை. போன வாரம் அங்கே ஓர் அணில் இருந்தது. இரையைக் கண்ட இடத்தை இந்த இனம் மறப்பதில்லை என்று எங்கோ படித்தது அவருக்கு நினைவு வந்தது. ஒருமுறை எங்கே கிடைத்ததோ, அங்கேயே மறுபடி போய் நிற்கும்.

சௌந்திரம் நெடுநேரம் அந்த வெறுங்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழியனுப்ப வேண்டுமென்று சின்னுசாமி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்துவிட்டார். எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார் சௌந்திரம்.

"போறதுக்கு முன்னால ஒண்ணு பாத்தரலாமுங்க. குட்டிய அவுத்து உடறேன். ஆரும் கூப்புடக் கூடாது, கையக் காட்டக் கூடாது. அதுவா ஆருகிட்ட வருதுன்னு பாக்கோணும்."

இதை அவர்கள் பாசப் போட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவராவது மறுக்க வேண்டுமே! மாதேஸ்வரன் மீசையைத் தடவிக்கொண்டார். கிருத்திகா முடியைச் சரிசெய்துகொண்டாள். "எங்கிட்டத்தான் வருமுங்க, நீங்க வேணும்னா பாருங்க," என்று சின்னுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். வெல்லப்போகிற மூவரும் ஒருவரையொருவர் பரிதாபத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

கதவு திறந்தது. கம்ப்ரசர் வாசற்படியில் ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கண்ணால் வரிசையை அளந்தது. ஒரே பாய்ச்சலில் சின்னுசாமியின் மடியில் ஏறி, அவருடைய முகத்தைச் சட்டைசெய்யாமல், மூக்கை நேராகச் சட்டைப் பைக்குள் விட்டது. உள்ளே காகிதத்தில் பொதிந்து ஓர் அவித்த முட்டை இருந்தது.

"வழிக்குன்னு..." என்றார் சின்னுசாமி. "ஒண்ணே ஒண்ணுதானுங்க அம்மிணி."

சௌந்திரம் முட்டையைப் பிடுங்கிக்கொண்டார். இரை கைமாறியதும் வேட்டைக்காரன் நேரத்தை வீணாக்கவில்லை. மாதேஸ்வரனின் நாற்காலிக்கு இடப்புறம் போய், தொங்கிக்கொண்டிருந்த அவருடைய கைக்கு நேர்கீழே உட்கார்ந்து, முகவாயை உயர்த்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. பழக்கப்பட்ட வாடிக்கையாளர் அப்படித்தான் உட்காருவார்.

"டீல நனைச்ச வர்க்கி," என்றார் மாதேஸ்வரன், சுவரைப் பார்த்து. "துண்டு. முழுசுகூட இல்ல."

கிருத்திகா தன் கல்லூரிப் பையைக் காலால் நாற்காலிக்கடியில் தள்ளப் பார்த்தாள். காலம் கடந்துவிட்டது. பக்கவாட்டு ஜிப்பைப் பல்லால் திறக்கவே கற்றுவைத்திருந்தது கம்ப்ரசர்.

"சீஸ்ம்மா. புரோட்டீன்தான."

சௌந்திரம் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். இத்தனை நாள் சந்தேகத்துக்குள்ளான அவருடைய சோறு, அவமதிக்கப்பட்ட அவருடைய பூசணிக்காய், மூடப்பட்ட அத்தனை எலிவளைகள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துப் பேச வேண்டியிருந்தது. மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

கம்ப்ரசர் அவரைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் போயிற்று. அங்கே ஆணியில் மாட்டியிருந்த தேங்காய்த் துருவியின் கீழே, காலங்காலமாக உட்கார்ந்து வரும் தன் இடத்தில் உட்கார்ந்து, தலையைத் திருப்பிச் சௌந்திரத்தை நோக்கி ஒரே ஒரு குரல் கொடுத்தது. அவசரப்படுத்தும் குரல் அன்று. இன்றைக்கு ஏன் தாமதம் என்று உரிமையோடு கேட்கும் குரல்.

ஆட்டுக்கறியில் ஒட்டிய கொழுப்பைக் கத்தி முனையால் நோண்டி எடுத்த கை, தினமும் காலையில் சாமிக்கு உடைத்த தேங்காயில் ஒரு சில்லைக் கீறிக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. போனில் இருந்த அத்தனை படங்களிலும் அந்தச் சில்லு மட்டும் இல்லை.

"தேங்காயா?" என்றார் மாதேஸ்வரன் மெதுவாக.

"அது சாமி தேங்காயிங்க," என்றார் சௌந்திரம். "பிரசாதம்."

சின்னுசாமி எழுந்தார். சட்டைப் பையைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவர் முகத்தில் நிறைந்த அன்பு இருந்தது. தொலைந்த தங்கையைத் திருவிழாவில் கண்டெடுத்தவரின் அன்பு.

"ஒண்ணே ஒண்ணுதானுங்களே, அம்மிணி?"

சௌந்திரம் சொல்லவிருந்த பதிலும் அதுவேதான்.

"அப்ப இது எலியே புடிக்கலியா?" என்று வியந்தார் மாதேஸ்வரன்.

"இல்லப்பா. இத்தன நாளா நம்மளத்தான் வேட்டையாடிட்டு இருந்திருக்குது," என்றாள் கிருத்திகா.

அனுப்புவதென்றால் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொல்லும் தகுதியோடு அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. மாதேஸ்வரன் வெளியே போய்ப் பிக்கப்பிலிருந்த சாக்கை எடுத்து உதறி, கம்ப்ரசரின் மூலையில் கொண்டுவந்து போட்டார். அன்றுமுதல் துருவி அலமாரிக்குள் போயிற்று. தேநீர் மேசைமேல் குடிக்கப்பட்டது. பை மாடிக்கு ஏறியது. சில நாளில் கம்ப்ரசரின் வயிற்று இரைச்சல் நின்றது. ஹெலன் டாக்டர் அதன் விலாவைத் தடவிப் பார்த்து, "என்ன மருந்து மாத்துனீங்க?" என்று கேட்டபோது, ஆதாரமில்லாமல் எதையும் பேசாத சௌந்திரம், "அதுவாச் சரியாயிருச்சுங்க டாக்டர்," என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

செய்தி கேட்டு முதல் ஆளாகச் சின்னுசாமி வந்தார்.

"கெட்டியாப் போவுதாமா! அப்பாடா. இனிமே ஒண்ணும் பயமில்லீங்க அம்மிணி," என்றவரின் வலக்கை, தானாக, சட்டைப் பையை நோக்கி உயர்ந்தது. சௌந்திரம் பார்த்த பார்வையில் பாதிவழியில் நின்று, நெஞ்சைச் சொறிந்துவிட்டு இறங்கியது. ஆனால் மூலைச் சாக்கிலிருந்த கம்ப்ரசர் ஒரு முன்னங்காலைத் தூக்கிவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் நாயே இல்லை என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு சிறு சோதனை. இன்று மாலை கையில் முறுக்கோடு உட்காரும்போது, பக்கத்தில் இருக்கும் பத்தியக்காரரையோ, பேரக் குழந்தையையோ, தெருவிலிருந்து எட்டிப் பார்க்கும் பூனையையோ சற்றே கவனியுங்கள். பார்வை உங்கள் முகத்தில் இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். உங்கள் கையில் இருந்தால், வாருங்கள், தள்ளி உட்காருகிறோம். நம் வரிசையில் இன்னும் ஒரு நாற்காலி போட இடமிருக்கிறது. ஒன்றே ஒன்றுதான்.