நாற்பத்தொன்றாம் பெட்டி

உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு ஆவி உண்டா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

சங்கரிக்கு இந்தக் கேள்வி வந்த அன்று காலை அவள் எலுமிச்சைச் சாத டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிற அந்த மனுஷன் எதிரே லுங்கியோடு உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"புதுப் புடவையெல்லாம் கட்டிக்கிட்டு எங்க கிளம்பிட்ட?"

"மகாபலிபுரம். நீங்கதானே போலாம்னீங்க."

"நானா?"

"புதன்கிழமை மெசேஜ்ல கேட்டேன். 'k gr8'னு பதில் போட்டீங்க. சரி, பிரமாதம்னு."

"புதன்கிழமை நான் ஷிப்டுல இருந்தேன்."

"ஷிப்டுலேர்ந்துதான் போட்டீங்க."

ராகவன் பேப்பரைக் கீழே வைத்தார். யாராவது செத்துப்போன செய்தி வந்தால்தான் அவர் பேப்பரைக் கீழே வைப்பார்.

"சங்கரி, கேமரா போன் கம்பெனிக்குள்ள போகக் கூடாது. கேட்டுலயே வாங்கிப் பெட்டியில வச்சுப் பூட்டிடுவாங்க. சாயங்காலம் பஸ் ஏறும்போதுதான் கையில வரும்."

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிலேர்ந்து."

இது மே மாதம். சங்கரி அவருடைய போனைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் வெள்ளை ஸ்டிக்கர், அதில் 41. கடைக்காரன் ஒட்டியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"யாரு வாங்கி வைக்கிறாங்க?"

"யாரோ. கேட்டுல யாராவது இருப்பாங்க."

தீபாவளியிலிருந்து அவள் தினமும் அவருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டீங்களா என்றால் 'ok' என்று வரும். இங்கே மழை என்றால் 'ok'. எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோதும் 'ok'தான். பதினோரு வருஷமாக வீட்டில் கிடைத்ததைவிட அதுவே அதிகம் என்று அவள் பூட்டிய பெட்டியிலிருந்து வந்த அந்த 'ok'களைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மே பிறந்ததும் மாடி அறையில் கோடை வகுப்பு ஆரம்பித்தாள். சாட்டிங், எஸ்.எம்.எஸ். ஆங்கிலம், இருபதே நாளில். நாவலூர் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களில் எல்லாரும் இந்த பாஷையில்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று பெற்றோர்கள் நம்பினார்கள். சங்கரியும் அதை மறுக்கவில்லை. ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

அந்த வாரத்திலிருந்துதான் ராகவனின் செய்திகள் துளிர்த்தன. 'gm' என்று காலை வணக்கம். 'tc' என்று உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது. ஒருநாள் 'hw is ur headache'. அவள் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயம். பகலில் ஒரு ராகவன், மாலை பஸ்ஸில் வந்து இறங்குகிற ராகவன் இன்னொருவர் என்று வைத்துக்கொண்டாள். பகல் ராகவனுக்காகத் தலை வாரிக்கொண்டாள்.

இப்போது தன் போனை நீட்டினாள். அவர் பெயர், அவர் எண். அவர் முகம் வெளுத்தது.

"காலைல நான் குளிக்கப் போனப்ப நீயே அடிச்சு உனக்கு அனுப்பிக்கிட்டியா?"

"பதினொன்னு நாப்பதுன்னு போட்டிருக்கே."

"மணிய மாத்தி வச்சிருப்ப." அவர் குரல் திடீரென்று மிருதுவானது. அந்த மிருதுதான் அவளைப் பயமுறுத்தியது. "உன் மெசேஜெல்லாம் கேள்வியே இல்லாத பதிலா வருது சங்கரி. 'ஆமா, தலைவலி போயிடுச்சு'ன்னு. நான் கேக்கவே இல்லையே. சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு விட்டுட்டேன்."

எலுமிச்சைச் சாதத்தை இருவரும் வீட்டிலேயே, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை அவள் ஒரு சோதனை செய்தாள். வகுப்பில் நாலு பிள்ளைகளின் அப்பாக்கள் மறைமலைநகரில் அதே கம்பெனி.

"அம்மா போன் கொண்டாந்திருக்கீங்களா? அப்பாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க. சாப்டாச்சான்னு."

"பன்னண்டு மணிக்கு மேல போடாதீங்க மிஸ், வராது" என்றாள் கடைசி வரிசையில் இருந்த சிநேகா. அவளிடம் போன் இல்லை. பக்கத்துப் பெண்ணுடையதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்?"

"சாப்பாட்டு நேரம் மிஸ்."

நாலு போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக, நிமிடத்துக்கு ஒன்றாக முனகின. நாலிலும் ஒரே பதில்: 'not yet. brb. tc'.

ஹேமந்த் போனைப் பாம்பைப் போலத் தள்ளிப் பிடித்தான். "மிஸ், எங்கப்பா தமிழ்லயே பேச மாட்டாரு. இவருக்கு brb இன்னான்னு எப்படித் தெரியும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சங்கரி போர்டைத் திரும்பிப் பார்த்தாள். brb, 'இதோ வந்துவிடுகிறேன்'. அதை அவள் வெள்ளிக்கிழமைதான் போர்டில் எழுதினாள். பழைய செய்திகளைப் புரட்டினாள். gm சொல்லித்தந்த மறுநாள் gm வந்திருக்கிறது. gr8 சொல்லித்தந்த மறுநாள் gr8.

அதற்கு அவள் கற்றுத்தந்ததைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

அப்படியானால் அது அவளுக்குள்ளிருந்துதான் வருகிறதா? காலையில் அவள் விரல்களே, அவளுக்குத் தெரியாமல்? வேண்டியதைத் தானே சமைத்துத் தானே பரிமாறிக்கொள்கிற மாதிரியா? கையை விரித்துப் பார்த்தாள். சாக்பீஸ் தூள்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு நேராகவே கேட்டுவிட்டாள்: 'who r u'.

எப்போதும் ஒரு நிமிடத்தில் வருகிற பதில் வரவில்லை. சமையலறையில் குழாய் சொட்டுவது மாடிவரை கேட்டது. இருபது நிமிடம் கழித்து போன் நடுங்கியது.

'ur husband'.

அவள் போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். அரை மணி நேரத்தில் திறந்து எடுத்தாள். பேய் என்றால் பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் நாளைக்கு அது வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் முன்னால் வந்து நின்றது.

அன்று மாலை ராகவன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"என்னையே யாருன்னு கேட்டிருக்க!"

"உங்களைக் கேக்கலைங்க."

"என் போன்ல வந்திருக்கு. வேற யாரைக் கேட்ட?"

அவர் வியாழக்கிழமைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து நரம்பு டாக்டர் சுப்புராமனிடம் பெயர் கொடுத்துவிட்டார். மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரை சாப்பிட்டால் அந்தச் செய்திகள் வராது. சங்கரிக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. புதன்கிழமை முழுவதும் அவள் எதுவும் அனுப்பவில்லை. எதுவும் வரவும் இல்லை. அவ்வளவு நீளமான பகலை அவள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை வகுப்பைச் சீக்கிரம் முடித்தாள். பிள்ளைகள் போய்விட்டார்கள். ராகவன் மாடிப்படிக்குக் கீழே ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு, "சங்கரி, அடுத்தது நம்ம டோக்கன்" என்று கூப்பிட்டார். அவள் செருப்பை மாட்டினாள். சிநேகா மட்டும் வாசற்படியில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்குப் போகலியா?"

"மிஸ், எங்கம்மா ஒண்ணு கேட்டுகினு வரச் சொல்லுச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"அம்மா மறைமலைநகர்ல ஒரு கம்பெனி கேட்டாண்ட வேலையில கீது. போன வாங்கிப் பெட்டியில வைக்கிற வேலை. நாள் பூரா பெட்டிங்கெல்லாம் கத்திகினே கெடக்கும். பதில் வரலைன்னா வூட்ல பயந்துக்குவாங்கன்னு அதுவே எல்லாத்துக்கும் ok போட்டுச்சு. இப்ப நீங்க சொல்லித்தர்றத நான் போய்ச் சொல்வேன், அதையும் போட்டுட்டு அழிச்சுடுது."

சங்கரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த வூட்டுக்கெல்லாம் அதுவே போதும் மிஸ். நாப்பத்தொண்ணாம் பெட்டி சாரோட சம்சாரத்துக்குத்தான் பத்தலியாம். அந்தம்மா பேரு கூடத் தெரியாது, போன்ல 'ஹவுஸ்'னுதான் போட்டுகீதாம். ரொம்பத் தனியா கீறாங்க, பாவம்னு அம்மா சொல்லுச்சு. நேத்து ஒண்ணுமே வரலைன்னு அம்மா சோறு கூடத் துண்ணல. அவங்களுக்குன்னு தனியா ரெண்டு வார்த்தை சொல்லித் தருவீங்களா மிஸ்?"

கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "வரியா இல்லியா?" என்றார் ராகவன்.

சங்கரி செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தாள்.

"புதுசா எதுவும் வேண்டாம் சிநேகா. இருக்கற வார்த்தையே போதும்னு அம்மாகிட்ட சொல்லு."