மூச்சுக்கு ஒரு மேற்பார்வையாளர்

இந்த ரகத்து மனிதரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாலு வாரம் யோகா வகுப்புக்குப் போவார். பிறகு ஊரார் மூச்சுக்கெல்லாம் மேற்பார்வையாளர் ஆகிவிடுவார். தும்மினால் "அவசரம்" என்பார், கொட்டாவி விட்டால் "பிராணன் வீண்" என்பார், தூங்குகிற குழந்தையின் மூக்கடியில் விரல் வைத்து எந்தப் பக்கம் மூச்சு ஓடுகிறது என்று சோதிப்பார். தன் மூச்சைப் பார்ப்பாரா? அதற்கு ஏது நேரம்!

நம்மவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இவருடைய சித்தப்பா பச்சைக் காய்கறிதான் ஆகாரம் என்று கிளம்பி, சித்தியை ஆறு மாதம் அடுப்பு மூட்ட விடாமல் செய்தவர். ரத்தம் சும்மா இருக்குமா?

வகுப்பில் உதவி ஆசிரியர் ஆவதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். நாற்பது நாள் கோபப்படக் கூடாது. அப்படியே இருந்தார் என்று வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தொன்பது நாளைப் பல்லைக் கடித்தே ஓட்டிவிட்டார்.

நாற்பதாம் நாள் மனைவியின் அண்ணன் மாடிக்குக் குடிவந்தார், இரும்பு பீரோவோடு. மச்சான் முக்கி முனகித் தூக்க, நம்மவர் ஒரு கையால் தொட்டுக்கொண்டே ஏறினார்.

"வாயால விடாதீங்க மச்சான். மூக்கால இழுத்து நாலு எண்ணுங்க."

"நான் படியை எண்ணிக்கிட்டிருக்கேன் மாப்பிள்ளை. கொஞ்சம் பிடிங்க!"

"பாரமெல்லாம் மனசுலதான் இருக்கு."

"அப்போ உங்க மனசுலயே இறக்கி வைக்கிறேன்" என்று மாடி வாசலில் பொத்தென்று இறக்கினார் மச்சான். பீரோவின் கால் நம்மவருடைய பெருவிரல் மேல்.

எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல்! மச்சான், மச்சானைப் பெற்றவர், அவரையும் பெற்றவர், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த பெரியப்பா என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் ஒரே மூச்சில் வசவு. நாலு எண்ணவேயில்லை.

திரும்பினால் படியில் மனைவி. கையில் காகிதம், பேனா.

"கோபம் இல்லடி இது" என்றார் ஒற்றைக் காலில் நின்றபடி. "ஆசனம். சிங்கம் மாதிரி கத்தி மூச்சை வெளிய விடணும்."

"சிங்கம் கத்தட்டும், யாரு வேணாங்கிறா? எங்க அப்பாவை எதுக்கு இழுத்துச்சு?"

கையெழுத்து விழுந்தது. அதற்கு மேலே ஒரே வரி: 'இன்று முதல் நாள்.'

பிழை திருத்துகிறவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். படிக்கும்போதே முதுகை நிமிர்த்தி ஒரு மூச்சு ஆழமாக இழுத்துக்கொண்டீர்களே, அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிறவரை ஒரு பார்வை பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் ஆரம்பம். பெருவிரல் பத்திரம்!