இரண்டாம் வகுப்பின் சோத்தக்கா

“வகுப்புலயே நிக்காதவளுக்கு, நின்னான்னு நான் எப்படிச் சொல்றது?”

“என்னைய எங்க டீச்சர் நிக்க விட்டீங்க?”

பள்ளிக்கூட வராந்தாவில் விஜயலெட்சுமி டீச்சரும் றொஷேலும் போட்ட சத்தம், ஊற்றுநீர் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த லயத்துப் பெண்களான எங்கள் காதுக்குத் தெளிவாக வந்தது. குடம் நிறைந்து வழிந்து வெகுநேரமாகியிருந்தது. பாதிச் சண்டையில் எப்படி வீட்டுக்குப் போவது?

றொஷேல் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்துக் கபிரியேலின் மகள். ஏ.எல். பாஸ். ஆசிரியர் உதவியாளர் வேலைக்கு, சம்பளமில்லாமல் தொண்டராகப் படிப்பித்தவர்களைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அந்த யாரோ நாங்கள்தான். எங்களுக்கு யார் சொன்னார்கள் என்பது ஞாபகமில்லை. வேலை கிடைக்காவிட்டால் கொழும்புப் புடவைக் கடைக்கு அனுப்பிவிடுவதாகக் கபிரியேல் சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூட அதிபர் அவளை இரண்டாம் வகுப்பில், பதுளையிலிருந்து பஸ்ஸில் வரும் விஜயலெட்சுமி டீச்சரிடம் விட்டார்.

“டீச்சர் திருப்தின்னு சொல்லட்டும், தொண்டரா படிப்பிச்சேன்னு கடிதம் தர்றேன்.”

முதல் நாளே றொஷேல் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். மணியடித்தும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது.

“வாய்க்கு ருசியா ஏதாச்சும் கொண்டுபோய்க் குடு, சரியாயிரும்” என்றோம்.

ரொட்டியும் கட்டைச்சம்பலும் கொண்டுபோனாள். சரியாகத்தான் ஆயிற்று. நல்ல கைப்பக்குவம் என்று டீச்சர் போய் அதிபரிடம் புகழ, அவர் றொஷேலை மதியச் சாப்பாட்டுச் சமையலுக்கு மாற்றிவிட்டார். பிள்ளைகள் அவளை ‘சோத்தக்கா’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

“உப்ப அள்ளிப் போடு. திருப்பி வகுப்புக்கே அனுப்பிருவாங்க.” இதுவும் நாங்கள்தான்.

போட்டாள். தாகத்தில் பிள்ளைகள் தவிக்க, அதிபர் அவளைத் தண்ணீர் சுமக்க பீலிக்கு அனுப்பினார்.

அந்தக் குடத்தை வராந்தாவில் ணங்கென்று வைத்துவிட்டுத்தான் அன்று சண்டையைத் தொடங்கியிருந்தாள்.

“ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். இல்லாட்டி அப்பா என்னைய கொழும்புக்கு ஏத்திருவாரு.”

“நான் சொன்னா மட்டும் நடந்துருமா?”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன திமிர் என்று பேசிக்கொண்டே குடத்தைத் தூக்கினோம்.

வைகாசியில் டீச்சருக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்கு எல்ல என்ற ஊரில் ஹோட்டல் வேலை, அவளும் அங்கேயே போய்விட்டாள். இரண்டாம் வகுப்பு றொஷேல் கைக்கு வந்தது. கபிரியேல் கொழும்புப் பேச்சை விட்டுவிட்டு லயம் முழுக்கக் கேக் கொடுத்தார். யோசனை சொன்ன உரிமையில் நாங்கள் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டோம்.

கேக் வாங்க வந்த பள்ளிக்கூட வாச்சர் சின்னராசாவிடம் கேட்டோம். “கையில இருந்த அரசாங்க வேலைய விட்டுட்டா அந்த டீச்சர் போச்சு?”

“எந்த வேலைய?” சின்னராசா விரலை நக்கினார். “அதும் சம்பளமில்லாம தொண்டரா வந்த புள்ளதான். அதிபர் தர்ற கடிதத்துக்கு அஞ்சு வருஷமா பாத்துக்கிட்டு இருந்துச்சு.”